தேனீ வழக்கும் ஒரே ஒரு கழுத்துச் சங்கிலியும்

கேள்வி கேட்பது குற்றமா? குற்றம்தான் என்றது தலைநகரத்திலிருந்து வந்த கடிதம். ஓல்ஷினா ஊர் நீதிபதி எமிலியா செஷ்லார், தன் நாட்டு அதிகாரிகளைத் தாண்டி, லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பிவிட்டாளாம். அதற்காக அவள்மேல் ஒழுங்கு நடவடிக்கை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. இடம், ஓல்ஷினா நீதிமன்றம், நான்காம் எண் அறை.

நான்காம் எண் அறை அவளுடைய அறை. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் தீர்ப்புச் சொல்கிறாள். வழக்கு நடத்த அந்தக் கட்டடத்தில் வேறு அறையும் கிடையாது. அதே வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அதே அறையில், அவள் தேனீ வழக்கில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

"ஒம்பது மணிக்குக் குற்றவாளி, பதினொரு மணிக்கு நீதிபதி. நடுவுல ஒரு டீ குடிக்கலாம்" என்றாள் உர்ஷுலா. எமிலியாவின் பக்கத்தில் உட்கார்ந்து நடவடிக்கைகளை எழுதுபவள் அவள்தான். தாழ்வாரத்தில் நின்று வழக்கின் பெயரைக் கூவுபவளும் அவள்தான். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. யாருக்கும் பயப்படுகிற வயசைத் தாண்டிவிட்டாள்.

எமிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு மணிக்குள் அவளை இடைநீக்கம் செய்துவிட்டால் தேனீ வழக்கு கைமாறிவிடும். யார் கைக்குப் போகும், அந்தக் கை என்ன எழுதும் என்று ஊரில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். தீர்ப்பைத் தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு வருஷம் முன்பே சொல்லி முடித்துவிட்டார்கள். வேலை போனால் போகட்டும் என்றுகூட ராத்திரி முழுக்கப் புரண்டு அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு தீர்ப்பைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கரோல் மூசியோல் என்பவரின் தேனீக் கூட்டம் ஒன்று ராணியோடு கிளம்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, செக் நாட்டுக்குப் போய்விட்டது. பாலம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை; இந்தப் பக்கம் போலந்து, அந்தப் பக்கம் செக், நடுவே நூறு அடி. அங்கே வ்லாஸ்தா கலெதோவா என்ற அம்மாளின் பேரிக்காய் மரத்தில் போய்த் தொங்கியது. மூசியோல் உடனே பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை அவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தின் மறுநாள் விருந்து. ரெண்டாம் நாள் விருந்துக்கு வராத சித்தப்பாவை எங்கள் ஊரில் செத்த பிறகும் மன்னிக்க மாட்டார்கள். மனுஷன் இருந்து சாப்பிட்டு, குடித்து, ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலை முகமூடியும் பெட்டியுமாகப் பாலத்தைக் கடந்தார். அந்த அம்மாள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவள் பெட்டியில் குடிவைத்திருந்த தேனீக்களைத் தன் பெட்டியில் கொட்டிக்கொண்டு திரும்பினார்.

வ்லாஸ்தா வழக்குப் போட்டாள். போலந்துச் சட்டப்படி ஓடிப்போன தேனீயைச் சொந்தக்காரன் மூன்று நாளைக்குள் தேடிப் பிடிக்கலாம். செக் சட்டப்படி இரண்டே நாள். மூசியோல் போனது மூன்றாம் நாள். இந்தக் கரையில் அவர் சொந்தக்காரர், அந்தக் கரையில் திருடர்.

தகராறில் இருக்கும் பொருள் நீதிமன்றக் காவலில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பெட்டியைக் கொண்டுவந்து சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வைத்து, தேனீ போய்வரும் துளையில் அரக்கு முத்திரையும் குத்தினார்கள். அரை மணி நேரத்தில் உள்ளே கூச்சல் தாங்கவில்லை. காவலில் இருக்கும் பொருள் வளாகத்தை விட்டு வெளியே போக நீதிபதியின் எழுத்துமூல உத்தரவு தேவை. எமிலியா எழுதிக் கொடுத்தாள்: "மேற்படி பொருள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை வேலைக்குப் போய்த் திரும்பலாம்." ஜூன் மாதம் லிண்டன் மரங்கள் பூத்தபோது மேற்படி பொருள் தினமும் செக் நாட்டுக்குப் போய் வந்தது. அங்கேதான் மரங்கள் அதிகம்.

அப்போதுதான் தலைநகரத்திலிருந்து ஸரெம்பா தொலைபேசியில் வந்தார். நார்பெர்ட் ஸரெம்பா, நீதிபதிகளின் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரி.

"என்ன மேடம், தேனீ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"நம்ம தேனீ, நம்ம ஆளு, நம்ம கோர்ட்டு. மூணு நாள்னு நம்ம சட்டம் சொல்லுது. இதுல உட்கார்ந்து யோசிக்க என்ன இருக்கு?"

"தேனீ இருந்தது அவங்க மரத்துல சார்."

"மேடம், வடகோடியில ஒரு ஊர்ல நீதிபதி பதவி காலியா இருக்கு. கடல் காத்து. உடம்புக்கு ரொம்ப நல்லதாம்."

எமிலியா தொலைபேசியை வைத்துவிட்டு, லக்சம்பர்க்குக்கு எழுத உட்கார்ந்தாள். முதல் கேள்வி: எல்லையைத் தாண்டிய தேனீக்கு எந்தக் கரையின் நாட்கணக்கு? அதோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு வினை இல்லை. கை நிற்கவில்லை, இரண்டாவதும் எழுதினாள். தீர்ப்புப் பிடிக்காவிட்டால் நினைத்த நேரத்தில் கடல் காற்று வாங்க அனுப்பிவிடலாம் என்றால், நான் ஒரு நீதிமன்றம்தானா?

தொலைக்காட்சியில் அன்று முதல் 'நம் தேசத் தேனீ' என்று தினமும் படம் காட்டினார்கள். தகராறு செய்த தேனீக்கள் எல்லாம் ஆறு வாரத்தில் செத்துவிட்டன, இப்போது பெட்டியில் இருப்பவை நீதிமன்றக் காவலில் பிறந்தவை, ஆகவே அவை பிறப்பால் போலந்துக் குடிமக்கள் என்று ஒரு பேராசிரியர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் வாதாடினார். தேனீக்கள் அதையெல்லாம் காதில் வாங்காமல் பாலத்துக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தன.

ஆக, அந்த வியாழக்கிழமை.

காலை எட்டே முக்காலுக்கு, அன்று வரும் என்று முன்பே தேதி சொல்லியிருந்த லக்சம்பர்க்கின் பதில் கணினியில் வந்து விழுந்தது. இருபத்திரண்டு பக்கம். உர்ஷுலா அச்செடுத்து முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. ஸரெம்பா இறங்கினார். பின்னால், எமிலியாவை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி லுத்விக் ஸ்தெம்பின் இறங்கினார். அறுபது வயசு, நெட்டை, சோர்ந்த முகம். பையைத் திறந்து அங்கியை எடுத்தார். பிறகு பையைத் தடவினார். பிறகு பையைக் கவிழ்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சங்கிலி" என்றார்.

எங்கள் நாட்டில் விசாரணைக்குத் தலைமை தாங்கும் நீதிபதி கழுத்தில் கழுகுப் பதக்கம் கோத்த சங்கிலி போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் உட்கார்ந்தால் அவரும் அறையில் இருக்கிற மற்றவர்கள் மாதிரி ஒரு ஆள்தான்.

"ராத்திரி தங்கின விடுதியிலேயே ஆணியில மாட்டிட்டு வந்துட்டேன். போய்த் திரும்ப மூணு மணி நேரம் ஆகும்."

"இங்க ஒண்ணு இருக்குமே, எடுத்துட்டு வாம்மா" என்றார் ஸரெம்பா உர்ஷுலாவிடம்.

"ரெண்டு இருந்துச்சு சார். ஒண்ணு கொக்கி போச்சுன்னு தலைநகரத்துக்குப் பழுது பாக்க அனுப்பினோம். ஒன்றரை வருஷம் ஆச்சு. உங்க கிட்டதான் இருக்கு. இன்னொண்ணை செஷ்லார் அம்மா இன்னைக்குப் பூரா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க. அவங்களா மனசு வெச்சாத்தான்."

உர்ஷுலா கோப்பறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். எமிலியா உள்ளே இருபத்திரண்டு பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, சாமியாப் பாத்து வழி விட்டிருக்கு. சங்கிலி இருக்கற அலமாரியோட சாவியை நான் தொலைச்சுடறேன். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிடைச்சுடும். அதுக்குள்ள நீ தீர்ப்புச் சொல்லிடு."

ஆமாம், தொலைத்துவிடு என்று எமிலியாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நிமிஷம் உண்மையிலேயே அவள் அதைச் செய்யத்தான் நினைத்தாள்.

"நானும் சங்கிலி மாட்டித்தான் தீர்ப்புச் சொல்லணும், உர்ஷுலா. சாவி கிடைக்கலன்னா ரெண்டு மணி வரைக்கும் எனக்கும் கிடையாது."

"அட, உனக்கு மட்டும் முன்னாடியே கிடைச்சுடும்!"

"அப்புறம் அந்த ஸரெம்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" எமிலியா எழுந்தாள். "என்னை விசாரிக்கறவர் ஒழுங்கா நீதிபதியா உட்கார்ந்து விசாரிக்கட்டும். குடுத்துடு. ஆனா பதிவேட்டுல பதினொரு மணி வரைக்கும்னு எழுதி அவர் கையெழுத்தை வாங்கு."

"உன்னையெல்லாம் என்ன செய்யறது" என்று தலையில் அடித்துக்கொண்டு உர்ஷுலா போனாள்.

இப்படியாக, குற்றம் சாட்டப்பட்டவளின் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்தெம்பின் விசாரணையைத் தொடங்கினார். எமிலியா, மூசியோல் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. பத்தொன்பது வருஷமாக அது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

"கேள்வி கேட்டீங்களா?" என்றார் ஸரெம்பா.

"கேட்டேன்."

"ஏன் கேட்டீங்க?"

"பதில் தெரியல."

"நீதிபதிக்குப் பதில் தெரியாதுன்னு ஒத்துக்கறாங்க. எழுதிக்கம்மா. சரி, உங்களை யாராவது தூண்டினாங்களா?"

"நீங்கதான் தூண்டினீங்க. போன வருஷம் ஜூன் மாசம், தொலைபேசியில."

"அது அறிவுரை. அதை எழுத வேண்டாம்."

"எழுதியாச்சு சார்" என்றாள் உர்ஷுலா.

ஸரெம்பா நீதிபதி பக்கம் திரும்பினார். "ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம நாடு எவ்வளவு அடி வாங்கி, எத்தனை தடவை வரைபடத்துலயே இல்லாமப் போய், மறுபடி எழுந்த நாடு. நம்ம தேனீ யாருதுன்னு சொல்ல லக்சம்பர்க்கிலிருந்து ஆள் வரணுமா? நம்ம கோர்ட்டை நாமதான் கட்டினோம். அதை எப்படி நடத்தணும்னு நமக்குத் தெரியாதா? நாளைக்கு நம்ம சூப்புக்கு எவ்வளவு உப்புன்னும் அவங்கதான் சொல்வாங்களா?"

அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. சொன்னதில் பாதி எமிலியாவுக்கும் சம்மதம்தான். அவளுடைய பாட்டனும் அந்த அடியை வாங்கியவர். மீதிப் பாதியில்தான் கடல் காற்று அடித்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"இன்னொரு கேள்வியா?" ஸரெம்பா துள்ளினார். "ரெண்டாவது குற்றமாச் சேர்த்துக்கவா?"

இப்படியே ஒன்றே முக்கால் மணி நேரம். ஸ்தெம்பினின் விரல்கள் பதக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. பதினொன்று அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது ஸரெம்பா கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தார். ஸ்தெம்பின் எழுந்து, மேஜைமேல் தயாராக இருந்த காகிதத்தை எடுத்தார். தயாராகத்தான் இருந்தது, தலைநகரத்திலேயே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள்.

"குடியரசின் பெயரால்..."

நீதிபதி இந்த வார்த்தையைச் சொன்னால் தீர்ப்பு முடியும்வரை நிற்க வேண்டும் என்பது விதி; எல்லோரும் எழுந்தார்கள். எமிலியாவும் எழுந்தாள். முன்னுரை நீளமாக இருந்தது. இன்ன சட்டம், இன்ன பிரிவு, இன்ன உட்பிரிவு. அவர் வேகமாகப் படிக்கும் ஆள் இல்லை. 'ஆகவே' என்ற வார்த்தைக்கு வந்தபோது மாதா கோயில் மணி பதினொன்று அடித்தது. முப்பத்தேழு வருஷப் பழக்கத்தில் உர்ஷுலா பேனாவைப் போட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கூவினாள்: "தேனீ வழக்கு! கலெதோவா! மூசியோல்! உள்ள வாங்க!"

வ்லாஸ்தா வந்தாள். மூசியோல் வந்தார். வேடிக்கை பார்க்க வந்த இருபது பேர் வந்தார்கள். ஸ்தெம்பின் காகிதத்தோடு அப்படியே நின்றார்.

எமிலியா மேடைக்குப் பக்கத்தில் போனாள். "மன்னிக்கணும் ஐயா. பதினொண்ணு ஆச்சு. சங்கிலி."

"என்ன விளையாடறீங்களா?" என்றார் ஸரெம்பா. "ஐயா, இன்னும் ஒரே வரி. படிச்சு முடிங்க!"

ஸ்தெம்பினின் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது. "பதினொரு மணின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று முணுமுணுத்தார். முப்பது வருஷம் நீதிபதியாக இருந்தவர். கையெழுத்துப் போட்ட இடத்தில் அவருடைய உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளத் தெரியாமல் தவித்தது. சங்கிலியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். வைத்த பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். இப்போது படித்தால் அது ஒரு நெட்டை மனுஷன் உரக்கப் படித்தது என்பதோடு சரி. மேடையை விட்டு இறங்கி, காலியாக இருந்த ஒரே நாற்காலியில், கால் ஆடும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

உர்ஷுலா எமிலியாவுக்கு அங்கியைப் போர்த்திவிட்டாள். எமிலியா சங்கிலியை மாட்டிக்கொண்டாள். அவர் கழுத்துச் சூடு அதில் இன்னும் இருந்தது.

"குடியரசின் பெயரால்" என்றாள்.

முதலில் எழுந்தது ஸ்தெம்பின். நிமிர்ந்து, கையை ஒட்ட வைத்து, பள்ளிக்கூடப் பையனைப் போல நின்றார். அறை முழுவதும் எழுந்தது. ஸரெம்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற மூசியோலுக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்திருய்யா! தீர்ப்பு சொல்றாங்க, சினிமாக் கொட்டகையில மாதிரி உட்கார்ந்திருக்கியே!"

ஸரெம்பா எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது; அதற்குள் எமிலியா படிக்க ஆரம்பித்திருந்தாள்.

நாட்கணக்கு, தேனீ தொங்கிய மரம் நிற்கும் மண்ணின் கணக்கு. அங்கே இரண்டு நாள். ஆகவே மூன்றாம் நாள் போன மூசியோலுக்கு அதில் உரிமை இல்லை. ராணியும், கூட்டமும், காவலில் பிறந்த பிள்ளைகளும் வ்லாஸ்தா கலெதோவாவுக்கே. பிறகு எமிலியா தன் இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலையும் படித்தாள். ஒரு நாடு தன் நீதிமன்றத்தைத் தன் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம், அது அதன் வீட்டு விவகாரம். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் வாசலைப் பார்த்துப் பயந்துகொண்டே எழுதும்படி கட்டக் கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் அப்படிப்பட்ட நீதிமன்றம்தானா என்பதை, கேட்டவரே சோதித்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு வருஷம் காத்திருந்து, வேலையைப் பணயம் வைத்துக் கேட்டால், நீயே பார்த்துக்கொள் என்று பதில்! காலையில் கோப்பறையில் அதைப் படித்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்திருந்தது. இப்போது தலையை நிமிர்த்தி அறையைப் பார்த்தாள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சோதித்தாயிற்று" என்று படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

மூசியோல் கத்தினார். "நம்ம கோர்ட்டு, நம்ம நீதிபதி, நமக்கே ஆப்பா? தொலைக்காட்சியில வேற மாதிரில்ல சொன்னாங்க!" வ்லாஸ்தா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கரையில் தனக்கு நியாயம் கிடைக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

எமிலியா சங்கிலியைக் கழற்றினாள். இறங்கி வந்து ஸ்தெம்பினிடம் நீட்டினாள். "என் வேலை முடிஞ்சுது ஐயா. உங்களுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு."

"வாங்குங்க, முடிங்க!" என்றார் ஸரெம்பா.

"பதிவேடு சார்" என்றாள் உர்ஷுலா. "மறுபடி வாங்கறதுன்னா மறுபடி எழுதணும். யார் கிட்டேருந்து, என்ன பதவியில இருக்கறவங்க கிட்டேருந்துன்னு."

ஸ்தெம்பின் பேனாவை எடுத்தார். எமிலியா செஷ்லார் என்று எழுதினார். பதவி என்ற கட்டத்தில் பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு 'நீதிபதி' என்று எழுதினார்.

"எல்லாரும் எழுந்து நின்னதை எழுதிட்டீங்களாம்மா?" என்று உர்ஷுலாவைக் கேட்டார்.

"பேர் பேரா எழுதியிருக்கேன் சார். முதல் பேர் உங்களது."

அவர் பதிவேட்டை மூடி, சங்கிலியை அதன்மேல் வைத்தார். "விசாரிக்க வந்தவன் சங்கிலி இல்லாம வந்திருக்கேன். அது என் தப்பு. இன்னைக்கு நடந்தது விசாரணையே இல்ல. ஒத்திவெச்சாச்சு" என்றார்.

"உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?" ஸரெம்பா பல்லைக் கடித்தார்.

"கடல் காத்துதானே? எனக்கு ஆஸ்துமா. நல்லதுதான்."

ஸ்தெம்பின் வெளியே போகும்போது எமிலியாவின் பக்கம் குனிந்தார். "காலையில அந்தச் சங்கிலியை நீங்க ஒளிச்சு வெச்சிருக்கலாம்."

"ஒளிச்சு வெக்கத்தான் நெனச்சேன்" என்றாள் அவள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மதியம் காவலிலிருந்து பெட்டியை விடுவிக்கும் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எமிலியா சைக்கிள் கொட்டகைப் பக்கம் வந்தாள். பெட்டி கனமாக இருந்தது; வ்லாஸ்தாவால் அசைக்க முடியவில்லை. மூசியோல் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு, "தள்ளும்மா, தூக்கத் தெரியாம ராணியைக் கொன்னுடப் போற" என்று திட்டிக்கொண்டே தள்ளுவண்டியைக் கொண்டுவந்து ஏற்றினார். பாலம் வரைக்கும் அவரே தள்ளினார். எமிலியாவும் கூட நடந்தாள். பாலத்தின் நடுவில் வண்டியை வ்லாஸ்தாவிடம் விட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தார். வண்டி அந்தக் கரையில் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நெட்டையன் ஒரு வரி முன்னாடி படிச்சிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன், இல்லையா?"

"ஜெயிச்சிருப்பீங்க."

"அவ கூட்டம் இந்தப் பக்கம் பறந்து வந்து, நான் எடுத்துக்கிட்டு, அவ என்னை அவங்க ஊர்க் கோர்ட்டுக்கு இழுத்தா?"

"அங்க எப்படிப்பட்ட நீதிபதி இருக்காரோ, அதைப் பொறுத்தது."

மூசியோல் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"உங்களை மறுபடி விசாரிக்க வருவாங்களா?"

"வருவாங்க. வேற ஆளு, சொந்தச் சங்கிலியோட."

"நான் சாட்சி சொல்ல வரலாமா?"

"நீங்களா? என்னன்னு சாட்சி சொல்வீங்க?"

"நான் தோத்துட்டேன்னு" என்றார் மூசியோல்.